மூடலாமா என்று என்னிடம் கேட்டார்களாம்

தீக்காயப் பிரிவில் டிரெஸ்ஸிங் அறைக்கு வெளியே ஒரு வராந்தா உண்டு. காலையில் எங்களைச் சக்கர நாற்காலிகளில் கொண்டுவந்து அங்கே வரிசையாக நிறுத்துவார்கள். உள்ளே போனவரின் சத்தம் கதவைத் தாண்டி வரும். அடுத்தது நம் முறை என்று தெரிந்துகொண்டே அதைக் கேட்டபடி உட்கார்ந்திருப்பது, என்னைக் கேட்டால், தனியாக ஒரு நோய். அதற்கு மருந்துச் சீட்டு எழுதுகிறவர் யாருமில்லை.

நான் மார்த்தாண்டத்தில் ஒரு மருந்துக்கடையில் பார்மசிஸ்டாக இருக்கிறேன். சீட்டில்லாமல் வந்து, அந்த நீல அட்டை மாத்திரை வேண்டும் என்று மட்டும் சொல்கிறவரின் முகத்தைப் பார்த்தே எது என்று எடுத்துக் கொடுத்துவிடுவேன். யாருக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதும் மனதில் இருக்கும். கடை முதலாளி என்னைக் கம்ப்யூட்டர் என்றுதான் கூப்பிடுவார். ஞாபகசக்தி விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. உண்டு என்று எழுதிவிட்டேன். இருந்தது என்று எழுத வேண்டும்.

என் அம்மாவை அடக்கம் செய்யும்முன் பெட்டியை மூடலாமா என்று என்னிடம் கேட்டார்கள் என்றும், மூடலாம் என்று நான் சொன்னேன் என்றும் என் வீட்டார் சொல்கிறார்கள். அப்படி ஒன்று நடந்த நினைவே எனக்கு இல்லை. அம்மா இறந்தாள் என்பதே வாரக்கணக்கில் எனக்குத் தெரியாது. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது. தீக்காயத்தோடு படுத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். அவர்களுக்குத் துணை இருப்பவர்கள் இதைக் கொஞ்சம் கூடுதல் கவனத்தோடு படிக்க வேண்டும்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம், தக்கலைக்குப் பக்கத்தில் உள்ள அம்மா வீட்டில் அச்சுமுறுக்கு சுட்டுக்கொண்டிருந்தோம். அப்பா போனபின் அம்மா என் தம்பி ஸ்டான்லியோடு இருந்தாள். மாவு கரைப்பது அம்மா, அச்சை முக்கி எண்ணெயில் விடுவது நான். பின்வாசலில் தரையில் அடுப்பை வைத்திருந்தோம். நான் எழுந்தபோது நைட்டியின் ஓரம் உருளியின் காதில் மாட்டியது. கொதிக்கிற தேங்காயெண்ணெய் முட்டிக்கு மேலிருந்து பாதம்வரை இரண்டு கால்களிலும் வழிந்தது.

பக்கத்து வீட்டுக்காரி பற்பசையோடு ஓடி வந்தாள். அம்மா அவளைத் தடுத்துவிட்டு வாளி வாளியாகத் தண்ணீர் பிடித்து என் காலில் ஊற்றிக்கொண்டே இருந்தாள். இதயம் பலவீனமானவள், பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர்கள் சொல்லியிருந்த மனுஷி. அந்தத் தண்ணீர்தான் என் கணுக்கால்களைக் காப்பாற்றியது என்று டாக்டர் பிறகு சொன்னார். இதை மட்டுமாவது மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சுட்ட இடத்தில் பச்சைத்தண்ணீர் போதும், வேறு எதையும் பூச வேண்டாம்.

நாகர்கோவிலில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தார்கள். ஆழமான இரண்டாம் நிலைக் காயம் (தோலின் மேலடுக்கு போய் உள்ளடுக்கும் வெந்த நிலை) என்றார்கள். ஒன்றுவிட்டு ஒருநாள் கட்டைப் பிரித்து, டெப்ரைட்மென்ட் (செத்த தோலையும் சதையையும் சுரண்டி நீக்குதல்) செய்து, மறுபடி கட்ட வேண்டும். வெந்த இடத்தில் வலி இருக்காது என்று யாராவது ஆறுதல் சொன்னால் நம்ப வேண்டாம். நரம்பு செத்த இடத்தில்தான் வலிக்காது. சாகாத இடம் முழுக்க வலிக்கும்.

புத்தாண்டு கழிந்து அம்மா ஒருநாள் பார்க்க வந்தாள். படியேறியதில் மூச்சு வாங்கியது. கட்டிலில் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, காலைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்தாள்.

"ஏட்டி மக்கா, வல்லதும் திண்ணியா?" என்று கேட்டாள்.

ஏதோ தின்றேன் என்று சொன்னேன். அம்மாவின் குரலை நான் கடைசியாகக் கேட்டது அன்றுதான். படியேறினால் அம்மாவுக்கு மூச்சு முட்டுகிறது, இனி வரவேண்டாம் என்று சொல்லியிருக்கிறோம் என்று என் கணவர் வில்சன் அடுத்த நாள் சொன்னார். அது அப்போது உண்மைதான்.

அந்த வாரம்தான் எனக்குக் கண்ணாடி வந்தது. வி.ஆர். கண்ணாடி (கண்ணை முழுதும் மூடி, நம்மைச் சுற்றி வேறோர் இடம் இருப்பதாகக் காட்டும் கருவி) என்று டாக்டர் விளக்கினார். கட்டுப் பிரிக்கும்போது மனம் வேறிடத்தில் இருந்தால் வலி குறையும், வலி மருந்தின் அளவையும் குறைக்கலாம் என்றார். வலிக்கு சினிமாவா என்று மனதுக்குள் நக்கலடித்துக்கொண்டுதான் சம்மதித்தேன். எங்கள் பிரிவின் மூத்த நர்ஸ் சிஸ்டர் சுனிதா அதை மாட்டிவிட்டார். முகத்தில் பாதி மறைந்துவிடும். காதுக்குத் தனியாக ஹெட்போன். கடலுக்கடியில் போகிறீர்களா, பனிமலைக்குப் போகிறீர்களா என்று கேட்டார். கன்னியாகுமரி ஜில்லாக்காரிக்குக் கடலைக் காட்டி என்ன ஆகப்போகிறது? பனி என்றேன்.

வெள்ளையாக ஒரு பாதை. இருபுறமும் உயரமான மரங்கள். தலையைத் திருப்பினால் பின்னாலும் பனி, மேலே பார்த்தால் பனி உதிர்கிறது. கையில் தந்திருந்த பொத்தானை அழுத்தினால் பனி உருண்டை பறக்கும். கொஞ்ச தூரம் போனதும் ஒரு மான் குறுக்கே வந்து நின்று என்னைப் பார்க்கும். வலி இல்லாமல் இல்லை. பக்கத்து வீட்டு ரேடியோ போல எங்கோ அது ஓடிக்கொண்டிருந்தது.

எப்போது ஆரம்பிப்பீர்கள் என்று கேட்டேன். கட்டு கட்டி முடித்தாயிற்று என்று சிஸ்டர் சொன்னார். எனக்கு ஒரு சாயா குடிக்கிற நேரம்தான் ஆனது போலிருந்தது. வெளியே வந்தால் வில்சன் உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். முன்பெல்லாம் அந்த அறைக்குள் நேரம் நகரவே நகராது. இப்போது யாரோ அதை நறுக்கி எடுத்துவிட்ட மாதிரி இருந்தது. அன்று கர்த்தருக்கும் அந்தக் கருவியைச் செய்தவனுக்கும் சேர்த்து நன்றி சொன்னேன்.

அதோடு இன்னொன்றும் நடந்தது. கட்டும்போது ஹெட்போனைக் கொஞ்சம் நகர்த்தி சிஸ்டர் தன் மகளின் படிப்பைப் பற்றி என்னிடம் பேசியிருக்கிறார், நானும் பதில் சொல்லியிருக்கிறேன். அடுத்த முறை கண்ணாடி மாட்டும்முன், உங்கள் மகள் என்ன படிக்கிறாள் என்று நானாகவே கேட்டேன். அன்றைக்குத்தானே இவ்வளவும் பேசினோம் என்று அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். கம்ப்யூட்டர் சூடாகிவிட்டது என்று சொல்லிச் சமாளித்தேன். அதைச் சிரித்துக் கடந்திருக்கக் கூடாது. ஆனால் அப்போது யாருக்குத் தெரியும்?

ஜனவரி நடுவில் ஸ்கின் கிராஃப்ட் (தொடையிலிருந்து தோலை மெல்லியதாகச் சீவி எடுத்துப் புண்ணின் மேல் ஒட்டுதல்) செய்தார்கள். ஒட்டிய தோல் பிடிக்கும்வரை காலை அசைக்கக் கூடாது. கட்டிலைவிட்டு இறங்கக் கூடாது; கட்டு மாற்றக்கூட ஸ்ட்ரெச்சரில் படுத்தபடியேதான் கொண்டுபோவார்கள். பார்க்க வருபவர்கள் கதவருகே நின்றே பேசிவிட்டுப் போனார்கள்.

அந்த நாட்களில் வந்தவர்கள் எல்லாரும் வித்தியாசமாக நடந்துகொண்டார்கள். வளவளவென்று பேசும் என் நாத்தனார் கதவைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றாள். எங்கள் சபை போதகர் வந்து, வழக்கமாகச் செய்யும் நீண்ட ஜெபத்தைச் சுருக்கி, ஆறுதலின் தேவன் என்று இரண்டு மூன்று முறை சொல்லிவிட்டுப் போனார். எல்லாம் என் காலுக்காக என்று நினைத்தேன். இவ்வளவு பேர் நம் காலுக்காகக் கண் கலங்குகிறார்களே என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அம்மா மட்டும் வரவில்லை. முதலில் பரவாயில்லை என்று நினைத்தேன். பிறகு கோபம் வந்தது. படி ஏற முடியாது, சரி. ஸ்டான்லியின் போனில் ஒரு வார்த்தை பேசக் கூடாதா? காது மந்தம் என்றால், சத்தமாகப் பேச நான் தயார்தானே. ஒட்டுத்தோல் நன்றாகப் பிடித்துவிட்டது என்று டாக்டர் சொன்ன நாளில்கூட அம்மாவிடமிருந்து ஒரு விசாரிப்பும் இல்லை. மகனுடைய வீட்டில் இருந்தால் மகள் மறந்துபோகும் என்று வில்சனிடம் சொன்னேன். அவர் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். ஒரு சுளையை என் கையில் வைத்தார். அதற்குப்பின் நானும் அம்மாவைப் பற்றிக் கேட்பதை விட்டுவிட்டேன். வரும்போது இருக்கிறது அவளுக்கு என்று மனதுக்குள் பேச வேண்டியதை எல்லாம் அடுக்கி வைத்துக்கொண்டேன்.

பிப்ரவரி கடைசியில் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஸ்டான்லி அன்று மாலை வட்டயப்பம் வாங்கிக்கொண்டு மார்த்தாண்டம் வந்தான். தனியாக வந்திருந்தான்.

"அம்மாவ ஏன் கூட்டிட்டு வரல்ல? இஞ்ச ஏற ஒரு படிகூட கெடையாதே" என்று கேட்டேன்.

அவன் என்னைப் பார்த்தான். பிறகு வில்சனைப் பார்த்தான்.

"அக்கா, என்ன பேசுத நீ? நீதானே மூடலாம்னு சொன்ன" என்றான்.

இந்த இடத்தில் எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் குடும்பங்களில் பெட்டியை மூடும்முன், கடைசி ஜெபம் முடிந்ததும், மூத்த மகன் இறந்தவரின் பிள்ளைகள் ஒவ்வொருவரிடமும் மூடலாமா என்று கேட்பான். எல்லாரும் மூடலாம் என்று சொன்ன பிறகுதான் மூடியை எடுப்பார்கள். துபாயில் இருக்கும் பிள்ளைக்குப் போன் போட்டு, அவன் சொல்வதை ஸ்பீக்கரில் எல்லாரும் கேட்கப் பிடிப்பார்கள். என்னைக் கேட்காமல் மூடிவிட்டார்கள் என்று ஒரு சொல் விழுந்தால், அந்தச் சண்டை பேரப்பிள்ளைகள் காலம்வரை ஓடும். அப்படிப் பேச்சு வார்த்தை நின்றுபோன வீடுகள் எங்கள் சபையிலேயே இருக்கின்றன.

நடந்தது என்னவென்று ஸ்டான்லி சொன்னான். கிராஃப்ட் முடிந்த வாரத்தில் ஒரு விடியற்காலை அம்மா உறக்கத்திலேயே போய்விட்டாள். என்னைக் கொண்டுபோக முடியுமா என்று டாக்டரிடம் கேட்டிருக்கிறார்கள். காலை அசைத்தால் ஒட்டிய தோல் மொத்தமும் போய்விடும், கிருமி ஏறினால் உயிருக்கே ஆபத்து என்று அவர் மறுத்துவிட்டார். என்னிடம் சொல்லலாமா என்று கேட்டதற்கு, பதற்றமில்லாத நேரம் பார்த்துச் சொல்லுங்கள் என்றாராம். வீட்டில் பெட்டி காத்திருந்தது. ஸ்டான்லி நாகர்கோவிலுக்கு வண்டியில் வந்தபோது நான் டிரெஸ்ஸிங் அறையில் இருந்தேன், கண்ணாடியோடு. சாவு வீட்டிலிருந்து வந்திருக்கிறான் என்பதால் அவனை உள்ளே விட்டிருக்கிறார்கள். கதவுக்கு வெளியே கேட்ட சத்தங்களோடு ஒப்பிட்டால் நான் எவ்வளவு அமைதியாகப் படுத்திருந்தேன் என்று அவனுக்கு ஆச்சரியமாம். இதைவிடப் பதற்றமில்லாத நேரம் வராது என்று முடிவு செய்துவிட்டான். என் ஒரு காதிலிருந்து ஹெட்போனை நகர்த்தச் சொல்லி, சொல்லிவிட்டான். மூடலாமா என்றும் கேட்டுவிட்டான்.

"வலி தெரியாத நேரமா பாத்து சொன்னா, இதும் வலிக்காதுன்னு நெனச்சேன் அக்கா" என்றான்.

நான் அவன் முகத்தில் வட்டயப்பத்தை விட்டெறிந்தேன். பொய் சொல்கிறான் என்றுதான் நினைத்தேன். அவசரத்தில் என்னைக் கேட்காமல் மூடிவிட்டு, பழி வராமல் இருக்க இப்போது கதை கட்டுகிறான் என்று நினைத்தேன். என் ஞாபகம் தப்பு என்று நினைப்பதைவிடத் தம்பி பொய்யன் என்று நினைப்பது எனக்குச் சுலபமாக இருந்தது. அன்றைய நாளை எனக்கு நன்றாகத் தெரியும். மான் அன்று வழக்கத்தைவிடப் பக்கத்தில் வந்தது. அதன் மூக்கில் பனி ஒட்டியிருந்தது. இவ்வளவும் ஞாபகம் இருக்கிறது, அம்மா செத்துப்போனாள் என்று தம்பி வந்து சொன்னது எப்படி இல்லாமல் போகும்?

அடுத்த பரிசோதனைக்குப் போனபோது சிஸ்டர் சுனிதாவைத் தனியாகப் பிடித்தேன். மழுப்பாமல் சொல்ல வேண்டும் என்றேன். அவர் என் காலடியில் உட்கார்ந்து புதுத் தோலில் எண்ணெய் தடவிக்கொண்டே சொன்னார். தம்பி பேசும்போது நான் உளறவில்லையாம். அவன் சொல்லி முடித்ததும், அம்மாவுக்குக் கண்ணாடி போட்டுவிட்டிருக்கிறீர்களா என்று கேட்டேனாம். இல்லை என்று ஸ்டான்லி சொன்னதும், கண்ணாடி இல்லாமல் பார்த்தால் அம்மா மாதிரியே இருக்காது, போட்டுவிட்டு மூடு என்று சொன்னேனாம்.

"தெளிவாத்தான் சொன்னீங்க அக்கா. மிஷினக் கழத்தும்போ உள்ள இருந்த பஞ்சு நனஞ்சு போயிருந்துது. நீங்க என்னப் பாத்து, ஏன் சிஸ்டர் இப்படி வேர்க்குதுன்னு கேட்டீங்க" என்றார்.

அப்போதுதான் நான் நம்பினேன். ஸ்டான்லி எதையும் இட்டுக்கட்டக்கூடியவன்தான், ஆனால் அம்மாவின் கண்ணாடியை யோசித்துச் சொல்லக்கூடியவன் இல்லை. அது நான்தான். நான் கேட்கக்கூடிய கேள்வி. வீட்டுக்கு வந்து போன் செய்தேன். ஆமாம், நீ சொன்னபடி போட்டுவிட்டுத்தான் மூடினோம் என்றான்.

டாக்டரிடமும் போய் நின்றேன். முதலில் மருந்தைச் சந்தேகப்பட்டேன், அது என் தொழில். மறதியை உண்டாக்கும் மயக்க மருந்து எதுவும் அன்று தரவில்லை என்று அவர் என் கேஸ் ஷீட்டைத் திருப்பிக் காட்டினார். நானே பார்த்தேன், இல்லை. பிறகு அவர் பொறுமையாக விளக்கினார். ஒன்று நினைவில் தங்க வேண்டும் என்றால் முதலில் அதன்மேல் கவனம் போக வேண்டும். கவனத்தின் பெரும்பகுதியை அந்தக் காட்சி இழுத்துக்கொள்கிறது. அதனால்தான் வலி குறைகிறது. அதே காரணத்தால் அந்த நேரத்தில் பக்கத்தில் நடப்பதும் பேசுவதும் சரியாகப் பதியாமல் போகலாம். காய்ச்சலும் உறக்கமின்மையும் சேர்ந்திருக்கும். அந்த நேரத்தில் பதில் சொல்ல முடியும், அழவும் முடியும். அது மறுநாளுக்கு மிஞ்சும் என்று உறுதி கிடையாது. எல்லாருக்கும் இப்படி ஆகும் என்றும் சொல்ல முடியாது என்றார்.

"அந்த நினைவு உள்ளே எங்கேயாவது இருக்குமா டாக்டர்?" என்று கேட்டேன்.

"பதியவே இல்லைன்னா தேடியும் பயன் இல்லம்மா" என்றார்.

எங்களைக் கேட்காமல் அந்த நேரத்தில் சொல்லியிருக்கக் கூடாது, எங்கள் ஆட்களும் தடுத்திருக்க வேண்டும் என்று அவர் ஒத்துக்கொண்டார். அவர் மேல் எனக்குக் கோபம் அதிகம் இல்லை. ஸ்டான்லி மேல் இருந்ததும் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. அவன் செய்தது முட்டாள்தனம், ஆனால் என் காதில் சொல்லிவிட்டுத்தான் போனான். பிறகும் நான் அம்மாவைப் பற்றிப் பேசாததைப் பார்த்து, அக்கா தாங்கிக்கொண்டிருக்கிறாள், கிளறக் கூடாது என்று இருந்துவிட்டான்.

அவனுக்கு அப்படிச் சொல்லிக் கொடுத்தது யார்? வந்தவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி வாயை மூடிக்கொண்டது எப்படி? இது எனக்குத் தோன்ற இரண்டு நாள் ஆயிற்று. தோன்றியதும் வில்சனைக் கூப்பிட்டு எதிரே உட்காரச் சொன்னேன்.

"நான் மறந்துட்டேன்னு உங்களுக்குத் தெரியும், இல்லியா?"

அவர் மறுக்கவில்லை. அதற்கு மட்டும் அவருக்கு நன்றி.

"மறுநாளே தெரியும். அம்மை கஞ்சி குடிச்சாளான்னு கேட்ட" என்றார்.

"அப்பவே சொல்லியிருக்கலாமே."

"காய்ச்சல் எறங்கி அன்னைக்குத்தான் நீ ரெண்டு வாய் சாப்பிட்ட. எப்படி சொல்ல? நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு போச்சு."

வந்தவர்களிடம், அவளுக்குத் தெரியும், ஆனால் அதைப் பேசினால் உடைந்துபோவாள் என்று சொல்லி வாயைக் கட்டியவர் அவர்தான். போதகரிடமும் அதையேதான் சொல்லியிருக்கிறார். நான் ஆரஞ்சுச் சுளையைத் தின்றுகொண்டு, மகள் மறந்துபோகும் என்று அம்மாவைக் குறை சொன்னதை அவர் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். செத்தவளோடு நான் பிணங்கிக்கொண்டிருந்தேன், அது அவருக்குத் தெரியும்.

இதைத் துரோகம் என்றுதான் நான் சொல்வேன். அன்பினால்தானே செய்தார் என்று எல்லாரும் எனக்கு எடுத்துச் சொல்லிவிட்டார்கள். அன்பினால்தான், தெரியும். எங்கள் கடைக்கு வந்து, மருந்து அட்டையின் பெயரைக் கிழித்துத் தர முடியுமா, அவருக்கு என்ன நோய் என்று தெரியக் கூடாது என்று தணிந்த குரலில் கேட்கும் ஆட்களும் அன்பானவர்கள்தான். படுத்திருப்பவர் பொய்யான ஒரு நாளில் இருப்பார், சுற்றியிருப்பவர்கள் எல்லாரும் நிஜமான நாளில் இருப்பார்கள். கண்ணாடி என்னை ஒரு மணி நேரம்தான் வேறிடத்தில் வைத்திருந்தது. என் வீட்டார் என்னை வாரக்கணக்கில் வைத்திருந்தார்கள்.

ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும் என்று உட்கார்ந்த பிறகு இதையும் சொல்லிவிடுகிறேன். வில்சனைக்கூட ஒருநாள் மன்னித்துவிடுவேன் போலிருக்கிறது. மன்னிக்க முடியாமல் இருப்பது என் தலையைத்தான். கடைக்கு வரும் நானூறு பேரின் மாத்திரையை வைத்துக்கொள்ளத் தெரிந்த தலை, வாழ்நாளில் ஒரே ஒரு முறை கேட்கப்படும் கேள்வியை வாங்கி, பதிலும் சொல்லிவிட்டு, எனக்குத் தெரியாமல் கீழே போட்டுவிட்டது. மானின் மூக்கை மட்டும் பத்திரமாக வைத்திருக்கிறது.

சில நேரம் அன்று அந்த மேசையில் படுத்திருந்தவள் மேல் எனக்குப் பொறாமை வரும். அவளுக்கு அம்மா செத்தது உரிய நேரத்தில் தெரிந்தது. அவள் அழுதாள். அம்மாவின் முகம் அம்மாவின் முகமாக இருக்க வேண்டும் என்று கவனித்துச் சொன்னாள். மகள் செய்ய வேண்டியதைச் செய்தவள் அவள். அவள் செய்ததில் எனக்குப் பங்கு தராமல் போய்விட்டாள்.

இவ்வளவு சொன்னதால் அந்தக் கண்ணாடி வேண்டாம் என்று யாரும் முடிவுக்கு வர வேண்டாம். மார்ச் மாதத்தில் தடித்துப்போன தழும்புகளுக்குள் ஊசி போட வேண்டி வந்தது. சிஸ்டர் கண்ணாடியை நீட்டினார். வீம்பாக வேண்டாம் என்றேன். இனி ஒரு நிமிடத்தையும் தொலைக்க மாட்டேன் என்று இருந்தேன். மூன்றாவது ஊசியில் கத்திய கத்தலில் வராந்தாவில் இருந்தவர்கள் எல்லாரும் பயந்துபோயிருப்பார்கள். அடுத்த முறை நானே கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டேன். ஆனால் அதற்குமுன் சிஸ்டரிடம் சொல்லிவிட்டேன், இது என் முகத்தில் இருக்கும்வரை என் சொந்தக்காரர் ஒருவரையும் உள்ளே விடக் கூடாது என்று.

துணை இருப்பவர்களுக்கு நான் சொல்ல நினைப்பதும் அதுதான். வலி குறைக்கும் நேரத்தை வலி குறைக்க மட்டும் விடுங்கள். அந்த நேரத்தில் எதையும் சொல்லாதீர்கள், எதற்கும் சம்மதம் கேட்காதீர்கள். அவர் தெளிவாகப் பதில் சொல்வார், அதை நம்பாதீர்கள். சொல்லியே ஆக வேண்டிய செய்தி என்றால் கண்ணாடி இல்லாதபோது, கண்ணைப் பார்த்துச் சொல்லுங்கள். மறுநாள் ஒருமுறை மறுபடி சொல்லுங்கள். அழுதால் அழட்டும். புண் ஆறக் கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான்.

ஈஸ்டருக்கு முந்தைய சனிக்கிழமை நான் முதல்முறையாக அம்மாவின் கல்லறைக்குப் போனேன். வில்சன் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன், ஸ்டான்லி கூட்டிப்போனான். இரண்டு கால்களிலும் பிரஷர் கார்மென்ட் (தழும்பு தடிக்காமல் இறுக்கிப் பிடிக்கும் துணியுறை) போட்டிருந்தேன். கல்லறைத் தோட்டத்தில் நிறையப் பேர் புல் செதுக்கிக்கொண்டிருந்தார்கள். அம்மாவின் கல்லறைக்கு சிமெண்ட் மட்டும் பூசியிருந்தது, பெயர்க்கல் இன்னும் வைக்கவில்லை. செருப்பைக் கழற்றி அதன் விளிம்பில் காலை வைத்தேன். ஒன்றும் தெரியவில்லை. கையால் தொட்டபோதுதான் அது எவ்வளவு கொதித்துக் கிடந்தது என்று தெரிந்தது. ஒட்டுத்தோலுக்குச் சூடு சரியாகத் தெரியாது, வேர்க்கவும் வேர்க்காது. அதைக் கால் என்று சொல்வதைவிட, காலுக்கு நான் போட்டிருக்கும் ஏதோ ஒன்று என்று சொல்லலாம். இனி எதையும் கையால் தொட்டுப் பார்த்த பிறகுதான் கால் வைக்க வேண்டும்.

ஸ்டான்லி பக்கத்தில் நின்றான். அன்று கேட்டதை மறுபடி கேள் என்றேன். அவனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சுற்றிலும் ஆட்களைப் பார்த்தான். வேண்டாம் அக்கா என்றான். கேள் என்றேன்.

"அம்மாவ மூடலாமா அக்கா?" என்று கேட்டான். எனக்கு மட்டும் கேட்கிற சத்தத்தில்.

அவனுக்கும் வில்சனுக்கும் ஊருக்கும் அம்மா ஜனவரியிலேயே போய்விட்டாள். அவர்கள் எல்லாரும் அழுது முடித்து, சாப்பிட்டு, வேலைக்குத் திரும்பிவிட்டார்கள். எனக்கு அந்தக் கேள்வி இப்போதுதான் வந்து சேர்ந்திருக்கிறது. உடனே சொல்லிவிடலாம் என்று நினைத்துத்தான் அவனைக் கேட்கச் சொன்னேன். சொல்லி, முடித்து, வீட்டுக்குப் போகலாம் என்றிருந்தேன். வாயைத் திறந்தால் அந்த வார்த்தை வரவில்லை.

"நில்லு மக்கா" என்றேன்.

அவன் நின்றான். புல் செதுக்கியவர்கள் வேலையை முடித்து ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். வெயில் என் தோளில் சுட்டது, காலில் சுடவில்லை. அவன் மறுபடி கேட்கவில்லை. வண்டியில் ஏறும்போதும் கேட்கவில்லை.

நான் இன்னும் பதில் சொல்லவில்லை.